பச்சைச் செங்கல்லும் கணினிக் கரமும்

வெயிலில் உலர்த்திய சுடாத மண்கல்லை இசுபானியர் 'அதோபே' என்பர். பண்டை எகிப்தியர் செங்கல்லுக்கு வழங்கிய சொல் கோப்து மொழி வழியாக அரபியில் 'அத்தூப்' என்றாகி, அங்கிருந்து இசுபானிய மொழியிற் புகுந்து, பின்னர்க் கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தது. அமெரிக்கத் தென்மேற்கில் மண்சுவர் எழுப்பும் வழக்கம் முன்னரே இருந்தது. சட்டத்தில் மண்ணை இட்டுக் கல்லறுக்கும் முறையோ இசுபானியரோடு வந்ததாகும்.

மண்சுவர் எழுப்புவதினும் கூரை அமைப்பதே அரிய செயல். 1945இல் எகிப்தில் லக்சர் நகருக்கருகே புதுக் கூர்ணா என்னும் சிற்றூரை அமைக்கத் தொடங்கிய கட்டடக் கலைஞர் அசன் பாத்தி, மரத்தின் விலையை ஏழைகள் தாங்கார் என்பதை உணர்ந்தார். ஆதலின் நூபியக் கொத்தனார்களின் பழைய முறையை மேற்கொண்டார். அவர்கள் பின்சுவரின்மேல் சாய்வாகக் கற்களை ஒட்டி ஒரு வளைவு அமைப்பர். அவ்வளைவின்மேல் அடுத்த வளைவைச் சாய்ப்பர். அடியில் மரச்சட்டம் முட்டுக் கொடாமலே வளைகூரை முடிந்துவிடும்.

இக்காலக் கணினிக் கட்டுமானமும் இந்நெறியையே பின்பற்றுகின்றது. குழைத்த மண் குழாய் வழியே வர, கணினி இயக்கும் கரம் அதனை வரிவரியாக அடுக்கும். ஒவ்வொரு வரியும் கீழ்வரியின்மேல் சற்றே உள்வாங்கி அமர, அச்சுப்பலகையின்றிக் கவிகை எழும். இத்தாலியில் மாசா லொம்பார்தா என்னும் ஊரில் 2021இல் முடிந்த 'தெக்லா' என்னும் மண்வீடு, ஏறத்தாழ 350 வரிகளாக 200 மணி நேரத்தில் இவ்வாறு அடுக்கப்பட்டதே. கொலொராடோ மாநிலத்துச் சான் லூயிசுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரொனால்டு ராயெல் என்பாரும் வர்சீனியா சான் பிராத்தெல்லோ என்னும் அம்மையாரும், எளிதில் தூக்கிச் செல்லத்தக்க சிறு கருவியைக் கொண்டு, 2019 முதல் அவ்விடத்து மண்ணையே குழைத்துக் கட்டிடங்கள் எழுப்பினர்.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. களிமண் உலரும்போது சுருங்கும். பச்சைச் செங்கல் சுவரேறு முன்னரே வெயிலில் சுருங்கிவிடுகின்றது. கணினி அடுக்கிய சுவரோ நின்ற நிலையிலேயே சுருங்குகின்றது. களியும் மணலும் வைக்கோலும் அளவறிந்து சேராவிடின் வெடிப்பு விழும். ஆகவே பொறி வந்தமையால் மண்ணின் இயல்பறிந்தவர் வேண்டாதவராகிவிடவில்லை. முன்னினும் மிகுதியாகவே வேண்டப்படுகின்றனர்.

மண் எங்கும் மலிவு. அதனைக் கட்டிடமாக்கும் உழைப்பே அருமை. அவ்வுழைப்பின் சுமையைப் பொறி குறைக்குமாயின் நன்றே. ஆயின் ஏழை தன் மண்ணால், தன் ஊராரோடு கூடி, தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே பாத்தியின் கொள்கை. பெருஞ்செல்வர் மட்டுமே வாங்கத்தக்க பொறியால் அது நிறைவேறாது. ஊரார் தூக்கிச் சென்று, தாமே இயக்கி, தாமே பழுது நீக்கத்தக்க கருவியாக அது அமையுமாயின், பழைய கொத்தனாரின் கரத்திற்கு அது துணைக்கரம் ஆகும்.