அம்பாசிடருக்குச் செலவு ஆறு லட்சம், பாலிசியில் மதிப்பு அறுபதாயிரம்

முகூர்த்த நாட்களில் திண்டுக்கல் கல்யாண மண்டபங்களின் வாசலில், நிலக்கோட்டை ரோஜா மாலை சுற்றிய வெள்ளை அம்பாசிடரையோ கான்டசாவையோ பார்க்கலாம். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் தாத்தா காலத்து பியட்டையும் ஜீப்பையும் தோட்டத்து ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, டிங்கரிங், பெயின்டிங் முடித்து, லட்சக்கணக்கில் செலவழித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் என்று வரும்போது மட்டும் பேச்சு இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. "பழைய வண்டிதானேண்ணே, தேர்டு பார்ட்டி போதும்" என்கிறார் ஏஜென்ட். "சரி தம்பி, போட்டு விடு" என்கிறார் உரிமையாளர்.

விபத்தோ திருட்டோ நடந்த பிறகு கிளெய்ம் நிற்குமா என்பதை முடிவு செய்வது ஒரே கேள்வி: வண்டி, ஆர்.சி. புத்தகம், பாலிசி மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா?

மதிப்பை யார் முடிவு செய்வது?

தேர்டு பார்ட்டியோடு நிறுத்தாமல் சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியின் முதல் பக்கத்தில் 'ஐ.டி.வி.' என்று ஒரு கட்டம் இருக்கும். வண்டி திருடு போனாலோ முழுதாக நாசமானாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை அதுதான். ஐந்து வயது வரை அதற்கு அட்டவணை உண்டு. ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று தேய்மானம் கழிப்பார்கள். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் அட்டவணை கிடையாது. கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வதே மதிப்பு. இந்த உரிமை தமக்கு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஏஜென்ட் கம்ப்யூட்டரில் தட்டிய தொகையை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

பேரம் பேசக் கையில் ஆதாரம் வேண்டும். வண்டியின் நான்கு பக்கமும், இன்ஜினும், சேஸிஸ் எண்ணும் தெரியும் படங்கள், ரெஸ்டோர் செய்த பில்கள், தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவற்றைக் கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, இந்த மதிப்புக்குப் பாலிசி வேண்டும் என்று கேளுங்கள். பிரீமியம் கூடும்தான். ஆனால் குறைந்த மதிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள்.

ஆறு லட்சம் செலவழித்த அம்பாசிடர் ஒன்றின் ஐ.டி.வி. 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உத்தரப்பாடா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. ஆகவே கடைசியாக வந்த அம்பாசிடருக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. முன்பக்கம் மோதி பானெட், கதவு என உலோகம் 40,000, ரப்பர் பீடிங்கும் பேட்டரியும் 10,000, கண்ணாடி 8,000 ஆகிறது என்றால், கிடைக்கக்கூடியது 20,000 + 5,000 + 8,000, அதாவது 33,000. கூலி 15,000 சேர்த்து, கட்டாயக் கழிவு 1,000 போக 47,000.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கொள்ளலாம் என்பது பாலிசி நிபந்தனை. 60,000க்கு அந்த எல்லை 45,000. ஒரு பானெட்டும் ஒரு கதவும் நசுங்கியதற்கே, ஆறு லட்சம் கொட்டிய வண்டி கணக்கில் 'டோட்டல் லாஸ்' ஆகிவிடும்.

தேய்மானம் கழிக்காமல், ஒப்புக்கொண்ட தொகையை முழுதாகத் தரும் பாலிசி கிடையாதா? 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப் அதை ஒரே ஒரு வகைக்கு அனுமதித்தது: 1940 டிசம்பர் 31க்கு முன் தயாரான, இந்திய வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் சான்றளித்த கார்களுக்கு. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு எதுவும் அந்த வரையறைக்குள் வராது. கட்டணக் கட்டுப்பாடு பிறகு நீங்கிவிட்டாலும், பாலிசி வாசகங்கள் பெரும்பாலும் அந்த அடிப்படையிலேயே இருக்கின்றன. எனவே 'அக்ரீடு வேல்யூ' என்று யாராவது வாயால் சொன்னால், பாலிசியில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

இன்ஜினை மாற்றினால் பாலிசியும் மாற வேண்டும்

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சி.சி. அதை எடுத்துவிட்டு 1817 சி.சி. இசுசூ இன்ஜினை ஏற்றிய வண்டிகள் உண்டு. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, தனியார் காருக்கு ஓராண்டு தேர்டு பார்ட்டி பிரீமியம் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜி.எஸ்.டி. தனி. ஆர்.சி.யில் 1489 என்றே இருந்து, பானெட்டுக்குள் 1817 இருந்தால் குறைந்த பிரிவில் பிரீமியம் கட்டியதாகிறது. கிளெய்முக்காகச் சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர் பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணைப் பார்த்த நிமிடத்தில் அது வெளிப்படும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று கேரளத்தின் கே.ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பம்பருக்கு முன்னால் பொருத்தும் கிராஷ் கார்டும் இந்தப் பிரிவை மீறுவதே என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017இல் சுற்றறிக்கை அனுப்பியது.

முறைப்படி மாற்ற வழி இருக்கிறது. நிறம் மாற்றுவது, இன்ஜின் மாற்றுவது, அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட் போடுவது எதுவானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும். சொல்வதற்குச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள். ஏற்றிய ஆர்.சி. நகலோடு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்து, பாலிசியில் 'என்டார்ஸ்மென்ட்' வாங்குங்கள். கேஸ் கிட், ஸ்டீரியோ, ஏ.சி. போல வெளியில் வாங்கிப் பொருத்தியவற்றின் மதிப்பைத் தனியாகக் காட்டினால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

மாற்றம் செய்த வண்டி மோதி வழிப்போக்கர் காயமடைந்தால்? அவரைக் கைவிடக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம். பாலிசி மீறல் வழக்குகளில், கம்பெனி முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. அப்போது வசூல் நோட்டீஸ் வருவது வண்டி உரிமையாளர் வீட்டுக்குத்தான்.

வாடகைக்குப் போன கல்யாண வண்டி

தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். வாடகைக்கு விடுவது, பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று இருக்கும். கல்யாணத்துக்கு நண்பருக்குச் சும்மா கொடுப்பது வேறு. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஜிபேயில் பணம் வாங்குவது வேறு. சினிமா ஷூட்டிங்குக்கும் இதே கதைதான்.

வாடகைக்கு ஓடியது என்ற ஒரே காரணத்துக்காக முழுவதையும் மறுக்க முடியாது என்று நிதின் கண்டேல்வால் (2008), அமலேந்து சாகூ (2010) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 75 சதவீதம் வரை தருவதற்கு வழி காட்டியது. இது ஆறுதலே தவிர உத்தரவாதம் இல்லை. வாடகைக்கு விடுவதுதான் நோக்கமென்றால் அதற்கான பெர்மிட்டும் பாலிசியும் எடுத்துவிடுவது நல்லது. பழைய கார் பேரணியில் கலந்துகொள்ளவும் கூடுதல் பிரீமியம் கட்டித் தனி என்டார்ஸ்மென்ட் வாங்க இடம் உண்டு.

பெயர் மாற்றமும் எஃப்.சி.யும்

பழைய வண்டி வாங்குகிறவர்கள் 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, விற்றவர் பெயரிலேயே ஓட்டுவது நம் ஊரில் சகஜம். வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி பாதுகாப்பு வாங்கியவருக்குத் தானாகப் போய்ச் சேரும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது. இதை உச்ச நீதிமன்றம் 1996லேயே தெளிவாக்கிவிட்டது. விற்றவரும் தப்ப முடியாது. நவீன் குமார் வழக்கில் (2018), ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. முந்தைய உரிமையாளரின் 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டியோடு வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதினைந்து வயதான காரை ஓட்டவே கூடாது என்பது வதந்தி. டெல்லிக்கான கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். இருபது வயதைத் தாண்டிய காருக்கு அதன் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க நினைப்பது ஆபத்து. சுஷில் குமார் கோதாரா வழக்கில் (2021) தற்காலிகப் பதிவு காலாவதியான கார் திருடு போனபோது, செல்லுபடியாகும் பதிவு இல்லை என்பதாலேயே கிளெய்ம் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம்.

ஐம்பது வயது வண்டிக்குத் தனிப் பதிவு

2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத கார், பைக்குகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

இப்படிப் பதிந்த காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் பாதிதான். ஆனால் அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். டீசல் இன்ஜின் ஏற்றிய பழைய பியட்டுக்கு இந்த வாய்ப்பே இல்லை. வாரச் சந்தைக்கும் பழனிக்கும் ஓட்டுகிறவர்கள் சாதாரணப் பதிவிலேயே இருப்பது மேல்.

ரெஸ்டோர் வேலை நடந்துகொண்டு ஷெட்டிலேயே நிற்கும் வண்டிக்குத் தீ, திருட்டுக்கு மட்டும் பாலிசி கேட்டுப் பாருங்கள். துரு, தேய்மானம், தானாக நின்றுபோன இன்ஜின் ஆகியவை சாதாரண பாலிசியில் வரா. சாலையில் இறங்கும் நாளில் தேர்டு பார்ட்டி இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி எவ்வளவு பழையது என்றாலும் தேர்டு பார்ட்டி பாலிசியைக் கம்பெனி மறுக்கக் கூடாது. இணையத்தில் உங்கள் மாடலோ, அந்தக் கால மூன்றெழுத்து எண்ணோ ஏறாவிட்டால் நேரே கிளைக்குப் போங்கள். நான்கைந்து வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உரிமையாளருக்கு ஒன்று போதும்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

- ஆர்.சி.யில் உள்ள பெயர், இன்ஜின் எண், சேஸிஸ் எண், சி.சி., எரிபொருள், நிறம் ஆறும் வண்டியோடும் பாலிசியோடும் பொருந்துகின்றனவா?
- பதிவு எந்தத் தேதி வரை?
- ஐ.டி.வி. எவ்வளவு, அதில் 75 சதவீதம் எவ்வளவு?
- பிறகு பொருத்தியவை தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா?
- பயன்பாட்டு வரம்பில் நீங்கள் வண்டியை ஓட்டும் விதம் அடங்குகிறதா?

மறுத்தால் எங்கே போவது?

வண்டி திருடு போனால் உடனே காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடுங்கள், கம்பெனிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். தாமதமில்லாமல் இருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்து என்றால் வண்டியை நகர்த்துவதற்கு முன் படமெடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை பாகங்களைக் கழற்ற வேண்டாம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வகுத்த கெடு இது: கிளெய்ம் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அவரது அறிக்கை, அதிலிருந்து 7 நாளில் முடிவு. மறுத்தால் காரணத்தையும் பாலிசியின் எந்த நிபந்தனை என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரியிடம் முறையிடுங்கள். பிறகு ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம்.

கம்பெனியிடமிருந்து ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை, அதாவது ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். 50 லட்சம் வரை அவர் உத்தரவிடலாம். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அல்லது இரண்டு ஆண்டுக்குள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆர்.சி.யும் பாலிசியும்தான். அடுத்த ரினியூவலுக்கு ஒரு மாதம் முன்பே இரண்டையும் வண்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். திருத்தம் இருந்தால் ஆர்.டி.ஓ.வில் முடித்துவிட்டு வர அந்த அவகாசம் தேவைப்படும்.