அவசர சிகிச்சை – 4: டியூட்டி மாறும் நேரம்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளி பெரும்பாலும் மருத்துவருக்கு முன்பின் தெரியாதவர். பழைய மருத்துவக் குறிப்புகள் கையில் இருக்காது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை அவரோ உறவினரோ சொன்னால்தான் உண்டு. ஒருவரைப் பரிசோதிக்கும்போதே இன்னொருவருக்காக அழைப்பு வரும். இரவு ஏற ஏற மருத்துவரின் களைப்பும் ஏறும். இத்தனையும் ஒரே நோயாளியிடம் கூடிவந்தால் என்ன நேரும் என்பதற்கு மருத்துவக் கல்வியில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, 1984-இல் நியூயார்க்கில் நிகழ்ந்த ஒரு மரணம்.

லிபி ஸயன் என்ற 18 வயது கல்லூரி மாணவி, மார்ச் 4 இரவு கடும் காய்ச்சலுடனும் உடல் நடுக்கத்துடனும் நியூயார்க் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டார். நோய் இன்னதென்று தெளிவாகாததால், கண்காணிப்புக்காக வார்டில் சேர்க்கப்பட்டார். மனச்சோர்வுக்காக அவர் ஃபெனல்சின் மாத்திரை எடுத்துவந்தார். நடுக்கத்தைத் தணிக்க அவருக்குப் பெத்திடின் ஊசி போடப்பட்டது. வார்டைக் கவனித்த பயிற்சி மருத்துவர் படிப்பை முடித்து ஓராண்டுகூட ஆகாதவர். அன்றிரவு அவர் பொறுப்பில் சுமார் 40 நோயாளிகள் இருந்தனர். லிபியின் பதற்றம் கூடுகிறது என்று நர்ஸ் தகவல் சொன்னபோது, கை கால்களைக் கட்டிவைக்கவும் பதற்றத்தைத் தணிக்கும் ஹாலோபெரிடால் மருந்தைக் கொடுக்கவும் தொலைபேசியிலேயே உத்தரவு வந்தது. மருத்துவர் நேரில் வரவில்லை. விடியற்காலையில் காய்ச்சல் 107 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியது. சற்று நேரத்தில் இதயம் நின்றது.

ஃபெனல்சின், உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் தடுக்கும் மருந்து. வெளிப்பட்ட செரட்டோனினை நரம்பு முனைகள் திரும்ப உறிஞ்சவிடாமல் செய்வது பெத்திடின். இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மிகுந்து தசைகள் விறைக்கும்; உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை அக்காலத்திலேயே மருந்தியல் நூல்களில் இருந்தது. ஆனால் நள்ளிரவில் அதை நினைவூட்ட அங்கே மூத்த மருத்துவரோ, மருந்துச்சீட்டைச் சரிபார்க்கும் கணினியோ இல்லை.

லிபியின் தந்தை சிட்னி ஸயன் பத்திரிகையாளர், சட்டமும் படித்தவர். மருத்துவர்கள்மீது கொலைக் குற்றம் சாட்ட வேண்டும் என்று அவர் போராடினார். விசாரித்த பெரு நடுவர் குழு (கிராண்ட் ஜூரி) 1986-இல் யார்மீதும் குற்றம் சாட்ட மறுத்தது. பயிற்சி மருத்துவர்களை ஓய்வின்றி, மேற்பார்வையின்றி வேலை வாங்கும் முறையைத்தான் அது கடுமையாகச் சாடியது. 1995-இல் முடிந்த உரிமையியல் வழக்கில், பெத்திடின் கொடுத்தது தவறு என்று மூன்று மருத்துவர்கள்மீது பொறுப்புச் சுமத்தப்பட்டது. லிபி கொக்கெய்ன் எடுத்திருந்ததை மறைத்தார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டதால், பழியில் பாதியை நடுவர்கள் அவர்மீதும் வைத்தனர்.

வழக்கு முடிவதற்கு முன்பே விதிகள் மாறிவிட்டன. பெர்ட்ரண்ட் பெல் என்ற மருத்துவர் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1989-இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலையை வாரத்துக்கு 80 மணி நேரம் என்றும், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்றும் வரையறுத்தது. மூத்த மருத்துவரின் மேற்பார்வை கட்டாயமானது. 2003-இல் 80 மணி நேர வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, இந்தத் திசை சரியென்றே காட்டியது. நீண்ட டியூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், குறுகிய டியூட்டி பார்த்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான பிழைகளைச் செய்தனர்.

ஆனால் டியூட்டி குறுகினால் கைமாற்றம் கூடும். ஒரே நோயாளி ஒரு நாளில் இரண்டு மூன்று மருத்துவர்களின் பொறுப்பில் இருப்பார். முதலாமவர் சந்தேகித்தது மூன்றாமவரை எட்டுவதில்லை. வராத ரத்தப் பரிசோதனை முடிவு யார் கணக்கிலும் சேர்வதில்லை. முதலில் எழுதிய நோயின் பெயரே மறுபரிசீலனையின்றித் தொடர்கிறது.

இதற்குத் தீர்வாக உருவான முறைகளில் ஒன்று ஐ-பாஸ். டியூட்டி முடித்துச் செல்பவர் நோயின் கடுமை, நோயாளியின் சுருக்க வரலாறு, செய்ய வேண்டிய வேலைகள், நிலைமை மோசமானால் என்ன செய்வது ஆகியவற்றை இதே வரிசையில் சொல்ல வேண்டும். பொறுப்பேற்பவர் கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் இதைப் புகுத்தியபின் மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இதற்குப் புதிய கருவியோ புதிய மருந்தோ தேவைப்படவில்லை. வேலை நேரத்தை மட்டும் குறைத்துவிட்டு, கைமாற்றத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடும் மருத்துவமனை, ஒரு பிழையை அடைத்து இன்னொன்றுக்கு வழி திறக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதே நோயாளிக்குப் பாதுகாப்பு.