மூட்டுக்கு மார்கழி தெரியாது

சுதா சந்திரனின் கதையை நாம் சொல்கிற விதத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. 1981இல் திருச்சி அருகே சாலை விபத்து, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க நேர்ந்தது, ஜெய்ப்பூர் கால், 1984 தொடக்கத்தில் மும்பையில் மீண்டும் மேடை, பிறகு ‘மயூரி’ திரைப்படம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். விபத்துக்கும் மேடைக்கும் நடுவே இரண்டரை ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் செயற்கைக் காலில் நிற்கவும் நடக்கவும் பழகி, அதற்குப் பிறகே அடவைத் தொட முடிந்தது. கதை சொல்பவருக்கு அது சுவையான பகுதி இல்லை. அதனால் அதை விட்டுவிட்டு ‘மன உறுதி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். முட்டி ஜவ்வு கிழிந்து கட்டிலில் கிடக்கும் ஒரு நாட்டியப் பெண்ணுக்கு இந்த அரைக்கதை கெடுதலே செய்யும். உறுதி இருந்தால் சீக்கிரம் எழுந்துவிடலாம், எழ முடியாவிட்டால் உறுதி போதவில்லை என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். கிழிந்த ஜவ்வைப் பற்றி இன்று மருத்துவம் அறிந்திருப்பதோ வேறு. சீக்கிரம் எழுவதுதான் அங்கே பெரிய ஆபத்து.

முட்டி ஜவ்வு என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல உறுப்புகள் அடக்கம். ஸ்கேன் அறிக்கையில் ஏ.சி.எல். என்று எழுதுவார்களே, அது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே குறுக்காகக் கட்டியிருக்கும் நார்க்கட்டு. நீளம் ஏறத்தாழ 3 செ.மீ.தான். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது மெனிஸ்கஸ். முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியில் பாதம் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு அவ்வளவு திரும்பாதவர் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பி நின்றால், கதவுக் கீல்போல மடங்கி நீளவே ஏற்பட்ட முட்டி அந்தத் திருகலைச் சுமக்கிறது. வலியும் தேய்மானமும் இப்படித்தான் சேர்கின்றன. ஏ.சி.எல். கிழிவது பெரும்பாலும் வேறு கணத்தில்: குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பாலே, நவீன நடனக் கலைஞர்கள் 298 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்தது. 12 பேருக்கு ஏ.சி.எல். கிழிந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி இறங்கியபோதுதான் கிழிந்தது. பன்னிரண்டு என்பது குறைந்த எண்ணிக்கை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கிழிந்த பிறகு வீட்டில் முதலில் கேட்கும் அறிவுரை ‘காலை அசைக்காதே’. முதல் சில நாட்களுக்கு இதில் நியாயம் உண்டு. வாரக்கணக்கில் நீண்டால் இதுவே நோயாகிவிடும். வீங்கிய முட்டி, தொடையின் முன்தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தானாகவே மட்டுப்படுத்திவிடுகிறது. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, “துண்டைக் கீழே அழுத்துங்கள்” என்பார் பிசியோதெரபிஸ்ட். வர்ணம் முழுவதையும் அரைமண்டியில் நின்று ஆடியவள் தன் தொடையையே பார்த்துக்கொண்டிருப்பாள், தசை அசையாது. முகத்தில் அத்தனை முயற்சி, தொடையில் ஒரு துடிப்புகூட இல்லை. சோம்பலோ பயமோ காரணம் இல்லை, கட்டளை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதை மறுபடி போய்ச் சேரவைப்பதுதான் முதல் வாரங்களின் பாடம். துண்டை அழுத்துவதில் தொடங்கி, நேராகக் காலைத் தூக்குவது, படி ஏறுவது, எடை வைத்து உட்கார்ந்து எழுவது என்று அது மாதக்கணக்கில் போகும். ‘ஓய்வு’ என்று இதற்குப் பெயர் வைத்தவர் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்.

அறுவை செய்தே ஆகவேண்டுமா என்பதிலும் பழைய உறுதி இப்போது இல்லை. 2010இல் வெளியான சுவீடன் ஆய்வில், புதிதாக ஏ.சி.எல். கிழிந்த இளைஞர்கள் 121 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டாண்டு கழித்து முட்டியின் நிலையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை ஏ.சி.எல். அறுவை செய்துகொள்ளாமலேயே இருந்தார்கள். ஆனால் குதித்துத் திரும்பும்போது முட்டி நழுவிக்கொண்டே இருந்தால் அறுவைதான் வழி. அப்போது நாட்டியக் கலைஞர் ஒரு கேள்வியை எழுப்பியே ஆகவேண்டும்: புது நாரை என் உடம்பில் எங்கிருந்து எடுக்கப்போகிறீர்கள்? முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாணிலிருந்து எடுத்தால், பிறகு மண்டியிடும்போது அந்த இடம் வலிப்பதாகப் பலர் சொல்கிறார்கள். தொடையின் பின்தசை நாணிலிருந்து எடுத்தால் அந்த வலி குறைவு. ஆனால் காலை நன்றாக மடக்கும் வலிமையில் கொஞ்சம் இழப்பு இருக்கும். கால்பந்து ஆடுபவருக்கு முதல் குறை பெரிதில்லை. மண்டியடவில் முட்டியைத் தரையில் ஊன்றித் திரும்புபவருக்கு அது பெரிது. மெனிஸ்கஸுக்கும் தையல் போட்டிருந்தால் முழுமண்டியைப் பல மாதங்களுக்கு மறக்கவேண்டியிருக்கும். ‘டான்ஸ் ஆடுவேன்’ என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு இது எதுவும் புரியாது. முழுமண்டியில் உட்கார்ந்து காட்ட முடியாதே என்றால், கைபேசியில் மண்டியடவு வீடியோ ஒன்றையாவது போட்டுக் காட்டலாம்.

இனிக் காலக்கணக்கு. உள்ளே வைத்த புது நார் வைத்த அன்றோடு ஜவ்வாகிவிடுவதில்லை. இரத்த ஓட்டம் அறுந்து வந்த திசு அது. முதல் வாரங்களில் அதன் உயிரணுக்கள் மடிந்து, பிறகு புது இரத்தக் குழாய்கள் நுழைந்து, மெல்ல மெல்ல ஜவ்வின் குணத்துக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தின் நடுவில், இரண்டு மூன்று மாத வாக்கில், அது வைத்த நாளைவிடப் பலவீனமாக இருக்கிறது. இதில் உள்ள பொல்லாத்தனம் என்னவென்றால், வலியும் வீக்கமும் வடிந்து நடை சீராகி, ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று தோன்றுவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். டெலவர், ஆஸ்லோ ஆய்வாளர்கள் சேர்ந்து 106 விளையாட்டுக்காரர்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியம். ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடை வலிமை, ஒற்றைக்கால் தாவல் போன்ற சோதனைகளில் மறுகாலின் அளவில் 90 சதவீதமாவது எட்டித் திரும்பியவர்களில் 5.6 சதவீதத்தினருக்கே மறுபடி அடிபட்டது. எட்டாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதத்தினருக்கு. ஆகவே நாள்காட்டி மட்டும் போதாது, சோதனை மட்டும் போதாது. ஒன்பது மாதமும் கடக்கவேண்டும், காலும் தேறவேண்டும். டிசம்பர் 20ஆம் தேதி சபாவில் கச்சேரி இருக்கிறது என்பது இந்த இரண்டிலும் சேராது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வெறும் பிடிவாதம். சிலவற்றில் சரக்கு உண்டு. விளையாட்டுக்காரர் கணக்கு நாட்டியத்துக்குப் பொருந்துமா என்பது நல்ல கேள்வி. மேலே சொன்ன பன்னிரண்டு பேர் கணக்கே, நடனக் கலைஞர்களுக்கு இந்த ஜவ்வு அரிதாகத்தான் கிழிகிறது என்று காட்டுகிறது. காரணம், குதித்து இறங்குவதைச் சிறுவயதிலிருந்தே ஆயிரக்கணக்கான முறை ஒரே மாதிரி பழகுகிறார்கள். எதிராளி வந்து மோதுவதும் இல்லை. ஆனால் அந்தக் காப்பு கிழிவதற்கு முன்னால்தான். கிழிந்த பிறகு முதலில் பறிபோவது அந்தத் தசைக்கட்டுப்பாடுதான். உள்ளே வைத்த நார் முற்றுவதற்கு எடுக்கும் காலமும் தொழிலைப் பார்த்து மாறாது. அந்தக் காலத்தில் வலியோடே ஆடினார்களே என்பது இரண்டாவது வாதம். ஆடியவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. முப்பது வயதில் சலங்கையைக் கழற்றி வைத்தவர்களின் பெயர் தெரியாது. ஒரு பக்கக் கணக்கை வைத்து வழக்கு பேச முடியாது.

எனக்கு அதிகம் யோசிக்கத் தோன்றுவது மூன்றாவது வாதம்: ஓர் ஆண்டு விட்டால் உடம்பு மறந்துவிடும், கலை போய்விடும். மூச்சும் தசைவலுவும் சில வாரங்களிலேயே இறங்கும் என்பது உண்மை. ஆனால் ஆட்டம் குடியிருப்பது காலில் மட்டும் இல்லை. கியூபாவின் பாலே கலைஞர் அலிசியா அலோன்சோ 1940களின் தொடக்கத்தில் கண் அறுவைக்குப் பிறகு பல மாதங்கள் அசையாமல் படுத்திருக்க நேர்ந்தது. ‘ஜிசெல்’ நாட்டியத்தை விரல்களாலேயே படுக்கையில் ஆடிப் பழகினார்; 1943இல் நியூயார்க்கில் அதே பாத்திரத்தை மேடையில் ஆடினார். அது ஒரு மேதையின் கதைதானே என்று ஒதுக்கவும் முடியாது. 2014இல் வெளியான ஆய்வொன்றில் ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டுப்போட்டு வைத்தார்கள். தசையை இறுக்குவதாக மனத்தில் மட்டும் பழகியவர்கள், பழகாதவர்கள் இழந்த வலிமையில் ஏறத்தாழ பாதியையே இழந்தார்கள். நம்மிடமோ இதற்கு விரலைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. பதத்தை உட்கார்ந்தபடி அபிநயிக்கலாம், தட்டுக்கழியைப் பிடித்து நட்டுவாங்கம் பழகலாம், தாளம் போட்டு ஜதி சொல்லலாம். கலாநிதி நாராயணன் பதின்பருவத்தில் நாட்டியத்தை விட்டவர்; முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1970களில் அபிநய ஆசிரியராகத் திரும்பி, 1985இல் பத்ம பூஷண் பெற்றார். அவர் திரும்பியது குதிப்புக்கு அல்ல, அபிநயத்துக்கு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஜதியை முடிக்கும் தீர்மானத்தின் பாய்ச்சலைக் கட்டிலில் படுத்தபடி மீட்க முடியாது.

அதை மீட்கும் ஏணி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வோர் அடவையும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பழகுவது நம் முறை. தட்டடவை முதற்காலத்தில், பாதி மண்டியில், தரையை ஓங்கி மிதிக்காமல். மறுநாள் முட்டி வீங்கவில்லை என்றால் இரண்டாங்காலம். நாட்டடவு அதற்குப் பிறகு. குதிப்புள்ள அடவில் முதலில் இரண்டு காலில் இறங்கிப் பழகி, பிறகே ஒற்றைக்கால். கடைசியில் முழுமண்டியும் மண்டியடவும். சுழற்சிக்குக் கண்ணாடி முன் நின்று, முட்டி பாதத்தின் திசையிலேயே வளைகிறதா என்று பார்க்கவேண்டும். கால் தேறினாலும் மனம் தேறாமல் நிற்பதும் உண்டு: 2014இல் 69 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களில் 81 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள், பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதமே. அடி மறுபடி விழுமோ என்ற பயத்துக்கு இதில் பங்கு உண்டு. முதற்காலத்தில் நூறு முறை ஒழுங்காக இறங்கிய கால்தான் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும்.

எஞ்சுவது பணம். இந்த வாதத்துக்கு மட்டும் மருத்துவத்தில் பதில் இல்லை. அமெரிக்க பாலே கலைஞர் டேவிட் ஹால்பெர்க் கணுக்கால் காயத்தோடு இரண்டு ஆண்டுக்கு மேல் மேடையை இழந்தபோது, ஆஸ்திரேலிய பாலே நிறுவனத்தின் மருத்துவக் குழு மெல்போர்னில் ஓர் ஆண்டுக்கும் மேல் அவருக்குப் பயிற்சி கொடுத்து 2016 டிசம்பரில் சிட்னி மேடையில் ஏற்றியது. பரதக் கலைஞருக்கு அப்படி ஒரு குழு கிடையாது. பாட்டுக்காரர், மிருதங்கம், நட்டுவாங்கம், ஒப்பனை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அவரே தருகிறார். வகுப்பு எடுத்து வரும் பணத்தில்தான் பிசியோதெரபியும் நடக்கவேண்டும். ஒரு சீசனை விட்டால் அடுத்த ஆண்டு பட்டியலில் பெயர் இருக்காது என்ற அச்சத்தில்தான் ஆறாம் மாதத்தில் சலங்கை கட்டுகிறார்கள். மருத்துவச் சான்றோடு விலகியவருக்கு அடுத்த மார்கழியில் அதே இடத்தை ஒதுக்கிவைப்பதாக ஒரு சபா எழுதிக்கொடுத்தால், அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அந்தக் கடிதம் கையில் இருக்கும் பெண் ஆறாம் மாதத்தில் சலங்கை கட்டமாட்டாள்.