இருளிலே திறக்கும் ஆகாய வாசல்

“பகலிலே பக்கம் பார்த்துப் பேசு, இராத்திரியில் அதுவும் பேசாதே” என்பது நம்மவர் பழமொழி. இருளிலே சொல்லும் சொல் யார் செவியிற் சென்று விழும் என்று எவராலும் கூற இயலாது என்பதே அதன் கருத்து. வானொலி என்னும் பெயரையே கேட்டறியாத காலத்தில் எழுந்த இம்மொழி, வானொலி அலைகளுக்கும் வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது.

மத்திய அலையிலே நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பழகிய பெரியோர் யாவரும் ஒன்றை அறிவர். பகலெல்லாம் அண்மையிலுள்ள ஓரிரு நிலையங்களை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த பெட்டியில், விளக்கு வைத்த பின்னர், விளங்காத மொழிகளிற் பேச்சும் பாட்டும் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேரும். ஒன்று ஓங்கும், மற்றொன்று தேயும், சிறிது பொழுதில் தேய்ந்தது மீண்டும் ஓங்கும். மத்திய அலைக்கும் கீழே, விநாடிக்கு மூன்று இலட்சம் அதிர்வுகளுக்குக் குறைந்த பகுதியைத் தாழ் மீடிறன் என்பர். அங்கே ஓர் அலையின் நீளம் ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. அப்பகுதியிலே தொலைதூரத்து மெல்லொலிகளை நள்ளிரவில் விழித்திருந்து தேடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். இவர்கள் பெறும் பயன் யாது? இரவுக்கும் தூரத்துக்கும் உள்ள தொடர்புதான் யாது?

கப்பலிலே கண்ட புதுமை

1902ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், மார்க்கோனி ‘பிலடெல்பியா’ என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா நோக்கிப் பயணஞ் செய்தார். கோர்ண்வால் கரையிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட குறிகளை, கப்பல் செல்லச் செல்ல, அவர் பதிந்துகொண்டே வந்தார். பகலில் ஏறக்குறைய 700 மைலுக்கு அப்பால் ஒன்றும் கிட்டவில்லை. இரவிலோ 1,550 மைல் தூரத்திலும் செய்திகள் தெளிவாக வந்தன. தனி எழுத்துக்குறிகள் ஏறத்தாழ 2,100 மைல் வரை வந்தன. நிலையம் ஒன்றே, கருவியும் ஒன்றே; மாறியது சூரியன் மட்டுமே. அனுப்பும் நிலையத்துக் கம்பிகளின்மீது வெயில் படுவதனால் மின்சாரம் கசிகின்றதோ என்று மார்க்கோனி எண்ணினார். ஆனால் உண்மையான காரணம் கம்பியில் இல்லை, ஆகாயத்தில் இருந்தது.

ஆகாயத்து அடுக்குகள்

அதே 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த கெனெலியும் இங்கிலாந்திலிருந்த ஹெவிசைட்டும், ஒருவர் கருத்தை ஒருவர் அறியாமலே, வானத்தின் உயரத்தில் மின்சாரத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு இருத்தல் வேண்டும் என்றனர். 1924ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பிள்டனும் பார்னெற்றும் அதனை மெய்ப்பித்தனர். போர்ண்மவுத் நகரத்துப் பிபிசி நிலையம், அன்றைய நிகழ்ச்சிகள் முடிந்த நள்ளிரவில், தன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றியது. ஒக்ஸ்போட்டில் ஒலி ஏறி இறங்கிய முறையை எண்ணிக் கணக்கிட்டு, அந்த அடுக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது எனக் கண்டனர். அப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அடுக்கு தனித்ததன்று. பகலில் இதற்குக் கீழே, 60 முதல் 90 கிலோமீற்றர் வரையான உயரத்தில், சூரிய ஒளியாலே மற்றோர் அடுக்குத் தோன்றுகின்றது. அங்கே காற்று ஓரளவு செறிவானது. மத்திய அலையோ நெட்டலையோ அதனுட் புகும்போது இலத்திரன்கள் அசைகின்றன. அசைந்தவை காற்றணுக்களோடு மோதுகின்றன. அலையின் ஆற்றல் வெப்பமாய் வீணாகின்றது. சூரியன் மறைந்ததும் இக்கீழடுக்கு விரைவிற் கலைந்துவிடும். மேலடுக்கோ முற்றாக மறைவதில்லை. நடுவிலிருந்த திரை விலகவே, அலைகள் மேலே சென்று, கண்ணாடியிற் பட்ட ஒளிபோலத் திரும்பித் தொலைநாட்டிலே வந்து விழுகின்றன. இரவு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பகல் இட்ட தடையை நீக்குகின்றது, அவ்வளவே.

எதைத் தேடுகின்றனர்?

தாழ் மீடிறனைத் தேடுவோர்க்கு மிக விருப்பமானவை விமானங்களுக்கு வழிகாட்டும் சிறு நிலையங்கள். இவற்றை வானொலிக் கலங்கரை விளக்கங்கள் எனலாம். பெரும்பாலும் 190 முதல் 535 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இவை இயங்கும். பேச்சில்லை, பாட்டில்லை, தமக்குரிய இரண்டு அல்லது மூன்று எழுத்துக்களை மோர்ஸ் சங்கேதத்தில் ஓயாது திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். அண்மையிற் செல்லும் விமானங்களுக்கென அமைந்தவையாதலால் இவற்றின் வலு சிறிது. ஆயினும் நல்ல இரவொன்றில் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் அவ்வெழுத்துக்கள் ஈனசுரத்திற் கேட்கும். கேட்டவர் நாள், நேரம், மீடிறன், எழுத்துக்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். சில நிலையங்களுக்குக் கடிதம் எழுதினால், “நீர் கேட்டது எம்மையே” என்று உறுதிகூறும் அட்டை தபாலில் வரும். அவ்வட்டைகளைத் தபால்முத்திரைபோற் சேர்த்து வைப்போர் பலர்.

கேட்போர்க்கு இன்பந் தரும் இதே இயல்பு விமானிக்குத் தீங்காகவும் முடியும் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நிலத்தின் வழியே நேராக வரும் அலையோடு வானத்திலிருந்து திரும்பிய அலையும் இரவிலே கலந்துவிடுவதால், திசைகாட்டும் முள் தடுமாறும். அந்தி வேளையிலும் விடியற்காலையிலும் இது மிகுதி. ஆதலால் அவ்வேளைகளில் அக்கருவியை முற்றாக நம்பலாகாதென விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகின்றது.

ஒரு செவி கண்ட விதி

கூர்ந்து கேட்பதனால் விஞ்ஞானமும் வளர்ந்ததுண்டு. 1933ஆம் ஆண்டில் ஒல்லாந்திலிருந்த டெலகன் என்னும் அறிஞர், சுவிற்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்நிகழ்ச்சியின் அடியிலே, முற்றிலும் வேறான மீடிறனில் இயங்கும் லக்சம்பேர்க் நெட்டலை நிலையத்தின் ஒலியும் மெல்லக் கேட்டது. பிறரெனில் பெட்டியிற் பழுதென்று திருகியை மாற்றியிருப்பர். அவரோ ஆராய்ந்தார். லக்சம்பேர்க்கின் வலிய அலை ஆகாயத்து அடுக்கையே அசைத்து, அவ்வழியாக வந்த சுவிஸ் அலையின்மீது தன் சுவட்டைப் பதித்திருந்தது! வானொலி அலை ஒன்று மற்றொன்றைப் பாதிக்கவல்லது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இன்றும் இது ‘லக்சம்பேர்க் விளைவு’ எனப்படுகின்றது.

அழியாது காக்கப்பட்ட ஒரு குரல்

இன்னும் தாழ்ந்த மீடிறனுக்குச் சென்றால், சுவீடனிலுள்ள கிரிமெட்டன் நிலையத்தை அடைவோம். 1925இல் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் திறந்துவைத்த இந்நிலையம் 17.2 கிலோஹேர்ட்ஸில் இயங்குவது. அதன் ஓர் அலையின் நீளம் பதினேழு கிலோமீற்றருக்கும் அதிகம். அலையை எழுப்புவது வால்வும் அன்று, திரான்சிஸ்டரும் அன்று. அலெக்சாண்டர்சன் வகுத்த முறையிற் சுழலும் பாரிய மின்பிறப்பாக்கி. அத்தகைய பொறிகளுள் இன்றும் இயங்கவல்லதாய் எஞ்சியது இதுவே. 2004இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்ட இந்நிலையத்தை, ஆண்டின் சில நாட்களில் ஆர்வலர்கள் இயக்கிச் செய்தி அனுப்புகின்றனர்.

இவ்வளவு நீண்ட அலைகள் பகலிலும் நெடுந்தூரம் செல்லவல்லவை. ஆயினும் இரவிலே அவற்றின் தேய்வு குறைவு. நத்தாருக்கு முதல் நாள், சுவீடனிற் காலை ஒன்பது மணியளவில் அச்செய்தி புறப்படுவது வழக்கம். அமெரிக்காவின் கீழ்க்கரையில் அப்பொழுது அதிகாலை மூன்று மணி. அங்குள்ள ஆர்வலர்கள் உறக்கந் துறந்து காத்திருக்கின்றனர். இம்மீடிறன் மனிதர் கேட்கும் ஒலியின் எல்லைக்குள் அடங்குவதால், கணினியின் ஒலிவாங்கித் துளையிலே தக்க கம்பிச்சுருளை இணைத்தும் இக்குறியைக் கண்டறிந்தோர் உண்டு.

தேய்ந்துவரும் ஒலிகள்

கிரிமெட்டனுக்குக் கிடைத்த பேறு எல்லா நிலையங்களுக்கும் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் நெட்டலை ஒலிபரப்பு 2014ஆம் ஆண்டின் முடிவிலும், பிரான்சின் தேசிய நெட்டலை நிகழ்ச்சி 2016ஆம் ஆண்டின் முடிவிலும், அயர்லாந்தின் நெட்டலை 2023 ஏப்ரலிலும் நின்றன. செயற்கைக் கோள்கள் வழிகாட்டத் தொடங்கியபின், விமான வழிகாட்டி நிலையங்களையும் பல நாடுகள் ஒவ்வொன்றாய் அணைத்து வருகின்றன. செலவைக் கருதும் அரசுகளை இதற்காகக் குறைகூற இயலாது. ஆனால் ஓரிரவில் அணைந்த குரல் மறு இரவில் வாராது. ஆண்டுதோறும் ஆர்வலர்கள் எழுதிவைத்த குறிப்பேடுகளே, அக்குரல் எவ்வெந் நாட்டில், எவ்வெந் நேரத்தில் கேட்டது என்பதற்குச் சான்றாக நிற்கும்.

வேறொரு தடை நம் வீடுகளுக்குள்ளேயே உண்டு. கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் சிறு கருவிகளும், சிக்கன மின்விளக்குகள் பலவும் தாழ் மீடிறனில் ஓயாத இரைச்சலை எழுப்புகின்றன. மெல்லொலி அதனுள் அமிழ்ந்துபோகும். மின்சாரம் தடைப்பட்ட இரவே மின்கலத்தால் இயங்கும் வானொலிக்கு நல்லிரவு என்று ஆர்வலர் வேடிக்கையாகக் கூறுவதில் உண்மை உண்டு.

மாணவர்களுக்கு

இதனைப் பரீட்சித்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. மின்கலத்தில் இயங்கும் பழைய மத்திய அலைப் பெட்டி ஒன்று போதும். நண்பகலில் ஒருமுறையும், மாலை மங்கும்போது ஒருமுறையும், இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்தி, கேட்ட நிலையங்களை எண்ணி எழுதுக. பெட்டியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால் ஒலி கூடிக் குறைவதையும் காணலாம். அதனுள்ளே இருக்கும் பெரைற்றுக் கோல் திசையை உணர்வதே அதற்குக் காரணம். ஒரு மாதம் இவ்வாறு எழுதிவந்தால், பாடநூலிற் படமாகக் கண்ட ஆகாய அடுக்கு உங்கள் குறிப்பேட்டிலே எண்களாகத் தோன்றும்.

நம்மைப் போன்ற வெப்பநாட்டினர்க்கு மின்னலின் இரைச்சல் பெருந்தடை. மாலை இடிமழை மிகுந்த ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களைவிடப் பிற மாதங்களும், முன்னிரவைவிட விடியலுக்கு முந்திய வேளையும் ஏற்றவை. மழைமுகில் கண்டால், வெளியே கட்டிய ஏரியற் கம்பியை எவரும் தொடலாகாது. கம்பி கட்டும்போது பெரியோர் ஒருவர் உடனிருத்தல் அவசியம்.

கேட்டதைக் கேட்டபடி எழுதுக. கேளாததை ஊகித்து எழுதாதிருத்தல் இக்கலையின் முதல் ஒழுக்கம். ஐயமுள்ள எழுத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி இட்டு, அடுத்த இரவில் மீண்டும் செவிசாய்க்கலாம். நிலையங்கள் இன்னும் சில எஞ்சியுள்ள இக்காலத்திலேயே நம் பிள்ளைகள் இதனைத் தொடங்குவார்களாயின், ஆகாயத்தைப் பற்றிய அறிவோடு, அமைதியாகக் காத்திருக்கும் பழக்கமும் அவர்களுக்குக் கைகூடும்.