பாவத்தை மேற்கொள்ளுதலும் நீதியில் வளர்தலும்

பாவத்தை மேற்கொள்ளுதல் என்பது, ஒருவர் தம் பாவத்தை உணர்ந்து, மனந்திரும்பி, மன்னிப்புப் பெற்று, அதன் பிடியிலிருந்து படிப்படியாக விடுபடுவதைக் குறிக்கும் கிறிஸ்தவக் கோட்பாடு ஆகும். இதனோடு பிரியாமல் நிகழ்வது நீதியில் வளர்தல். முன்னது விட்டுவிடுவதைப் பற்றியது. பின்னது அந்த இடத்தில் எது வந்து அமர்கிறது என்பதைப் பற்றியது. தமிழில் இக்கருத்தை விரிவாகப் பாடிய நூல், நெல்லைச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894). பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இதன் ஒரு பகுதி இடம்பெற்றிருப்பதால் மாணவர் பலர் இந்நூலின் பெயரை அறிவர். பருவங்கள் எத்தனை, பாடல்கள் எத்தனை என்பது மனப்பாடமாகும் அளவுக்கு, நூல் எதைச் சொல்ல வருகிறது என்பது கவனிக்கப்படுவதில்லை.

சொற்களும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்தைக் குறிக்க மிகுதியாக வரும் சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது அடிப்படைப் பொருள். எய்த அம்பு இலக்கில் படாமல் போவதைப் போல, மனிதன் தான் இருக்க வேண்டிய நிலையை விட்டு விலகிப் போவதே பாவம். எனவே பொய், களவு போன்ற தனித்தனிச் செயல்கள் மட்டும் பாவம் அல்ல. அவை புறப்பட்டு வரும் உள்ளத்தின் சாய்வும் பாவமே.

நீதி என்றதும் தமிழருக்கு நீதிமன்றம் நினைவுக்கு வரும். விவிலியத்தில் அச்சொல் அதனினும் அகன்றது. கடவுளோடு சரியான உறவில் இருப்பதும், அந்த உறவுக்கு ஏற்றபடி பிறரிடம் நேர்மையாக நடப்பதும் சேர்ந்ததே நீதி. இங்கு இரண்டு சொற்களைப் பிரித்து அறிய வேண்டும். நீதிமானாக்கப்படுதல் என்பது, கிறிஸ்துவை விசுவாசிக்கும் ஒருவரைக் கடவுள் மன்னித்து ஏற்றுக்கொள்வது. பரிசுத்தமாக்கப்படுதல் என்பது, அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் மாறிக்கொண்டே வருவது. புரொட்டஸ்டண்டு இறையியல் முன்னதை ஒரு கணத்தில் நிகழ்வதாகவும் பின்னதை நாள்தோறும் நிகழ்வதாகவும் விளக்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இவ்விரண்டையும் இவ்வளவு கூர்மையாகப் பிரிப்பதில்லை. ஆயினும் வளர்ச்சி தேவை என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் பேர்பெற்ற ஊர். தபசு, விரதம், நேர்த்திக்கடன் ஆகிய சொற்கள் இவ்வட்டாரத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பழகியவை. ஆகவே கிறிஸ்தவ உபவாசத்தையும் லெந்து கால நாற்பது நாள் ஒறுத்தலையும் மன்னிப்புக்குச் செலுத்தும் விலையாகச் சிலர் எண்ணிவிடுகின்றனர். திருச்சபையின் போதனை அப்படி அன்று. மன்னிப்பு கொடையாகக் கிடைப்பது. உபவாசம் அக்கொடையைப் பெற்றவர் தம் மனத்தைப் பயிற்றிக்கொள்ளும் வழி.

கிருஷ்ணபிள்ளையும் அவர் நூலும்

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கிறிஸ்தவ மறையை நெடுநாள் ஆராய்ந்த பின், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார். 1900இல் காலமானார். கம்பரின் நடையைக் கிறிஸ்தவப் பொருளுக்குக் கொண்டுவந்ததால் கிறித்தவக் கம்பர் என்று போற்றப்படுகிறார்.

இரட்சணியம் என்றால் மீட்பு; யாத்திரிகம் என்றால் பயணம். ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' என்னும் உரைநடைக் கதையின் வழிநூல் இது. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்க்கும் தொழிலாளி. அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். பெரிய படிப்பில்லாத அவர் எளிய பேச்சு நடையில் எழுதிய கதையை, இலக்கணம் கற்ற தமிழ்ப் புலவர் ஒருவர் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்து 3766 பாடல்களில் காப்பியமாக்கினார். நற்போதகம் என்னும் இதழில் தொடராக வெளிவந்த பின்பே அது நூல் வடிவம் பெற்றது.

கதையின் எலும்புக்கூடு சிறியது. அழியப்போகும் நகரம் ஒன்றில் வாழும் மனிதன், தன் முதுகில் ஒரு சுமை இருப்பதை உணர்கிறான். அதை இறக்கி வைக்க வழி தேடிப் புறப்படுகிறான். சேற்றில் விழுகிறான், உலக ஞானம் பேசும் ஒருவனின் சொல் கேட்டுத் தடம் மாறுகிறான், ஒடுக்கமான வாசல் வழியே சரியான பாதைக்குத் திரும்புகிறான். கடைசியில் விண்ணுலக நகரத்தை அடைகிறான். சுமை என்பது பாவம்; பாதை என்பது கிறிஸ்தவ வாழ்வு.

சுமை இறங்கிய பின்பு

இக்கதையில் சிலுவை எங்கே வருகிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பாவச்சுமை இறங்குவதே கதையின் நோக்கம் என்றால், சிலுவை கடைசியில் வந்திருக்க வேண்டும். அது தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. பயணி சிலுவையை நோக்கிப் பார்க்கிறான்; சுமை தானாகக் கழன்று உருண்டு, கீழேயிருந்த கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அதன் பிறகுதான் செங்குத்தான மலையும், பகைவனோடு போரும், மாயச் சந்தையும், சந்தேகக் கோட்டையும் வருகின்றன. அதாவது, மன்னிப்புப் பெற்றவனுக்கே பாதையின் பெரும்பகுதி காத்திருக்கிறது. போராட்டம் தொடர்வதைக் கண்டு, தான் மன்னிக்கப்படவே இல்லையோ என்று கலங்குவோர் உண்டு. இக்கதையின்படி போராட்டம் மன்னிப்பு இல்லாமைக்கு அடையாளம் அன்று.

பனியன் சிலுவைக் காட்சியைச் சில பத்திகளில் முடித்துவிடுகிறார். கிருஷ்ணபிள்ளை அங்கே நின்றுவிடுகிறார். குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று தனியே வைத்துக் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். பாடநூலில் இருப்பதும் இப்பகுதியே. அடிப்பவர்களைச் சபிக்காமல் பொறுத்து நிற்கும் ஒருவரைக் கண்முன் நிறுத்துவதே அதன் நோக்கம் எனலாம். விட வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுப்பதைவிட, யாரைப் போல ஆக வேண்டும் என்று காட்டுவது ஆழமான முறை. இந்த ஓரிடத்தில் வழிநூல் முதல்நூலை விஞ்சுகிறது என்று சொல்வது மிகையாகாது.

தூசி படிந்த அறை

பனியனின் கதையில் பொருள் விளக்குபவரின் வீடு என்று ஓரிடம் உண்டு. அங்கே பல நாள் பெருக்கப்படாத ஓர் அறை. ஒருவர் விளக்குமாற்றால் பெருக்கத் தொடங்க, தூசி கிளம்பி மூச்சு முட்டுகிறது. பின் ஒரு பெண் வந்து தண்ணீர் தெளித்த பிறகு அறை எளிதாகச் சுத்தமாகிறது. அறை மனித உள்ளம்; பெருக்கியது நியாயப்பிரமாணம்; தண்ணீர் நற்செய்தியின் கிருபை. மண்தரை வீடுகளைப் பெருக்கிப் பழகிய நம் பெண்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. செய்யாதே என்னும் கட்டளை பாவத்தைக் காட்டிக்கொடுக்கும். சில வேளை கிளப்பியும் விடும். அதை அடக்கும் வலிமை கட்டளைக்கு இல்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரம் பேசுவதும் இதுவே.

அதே வீட்டில் இன்னொரு காட்சி. சுவரோரம் எரியும் நெருப்பின் மேல் ஒருவன் ஓயாமல் தண்ணீர் ஊற்றுகிறான். நெருப்போ மேலும் ஓங்கி எரிகிறது. சுவரின் மறுபுறம் கிறிஸ்து மறைவாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நீதியில் வளர்தல் மனவுறுதியால் மட்டும் ஆவதன்று, தூய ஆவியின் துணையால் ஆவது என்னும் போதனைக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைப்பது அரிது.

மீண்டும் விழுந்தால்

சுமை இறங்கிய பிறகும் பயணி தவறுகிறான். மலைப்பாதையின் நடுவில் ஒரு நிழற்பந்தலில் இளைப்பாற உட்கார்ந்தவன் தூங்கிவிடுகிறான். சிலுவையடியில் பெற்ற சுருள் கையிலிருந்து நழுவுகிறது. அது விண்ணக வாசலில் காட்ட வேண்டிய சான்று. இழந்ததைப் பின்னரே உணர்கிறான். ஏறிய வழியே அழுதுகொண்டு திரும்பி, பந்தலில் தேடி எடுத்து, மறுபடியும் ஏறுகிறான். ஒருமுறை நடந்தால் போதுமான தூரத்தை மூன்று முறை நடக்க வேண்டியதாகிறது. விழுந்தவன் ஊருக்குத் திரும்பிப் புதிதாகத் தொடங்கவில்லை; இழந்த இடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு மேலே நடக்கிறான்.

மனந்திரும்பியவர் மறுபடி குடித்துவிட்டால், அல்லது விட்டுவிட்ட பழைய கோபம் வீட்டில் வெடித்துவிட்டால், இனி என்ன பயன் என்று முழுவதும் கைவிட்டுவிடுவது வழக்கமாகக் காணும் நிலை. முதல் வீழ்ச்சியைவிட இந்த மனச்சோர்வு கொடியது. பனியன் இதையே சந்தேகக் கோட்டையின் அரக்கனாக உருவகித்தார். பாதை கரடுமுரடாக இருந்ததால் வேலியைத் தாண்டிப் பக்கத்துப் புல்வெளியில் இறங்கிய பயணியும் தோழனும் அவனிடம் சிக்குகின்றனர். நாட்கணக்கில் இருட்டறையில் அடிபடுகின்றனர்; உயிரை மாய்த்துக்கொள்ளும்படியும் தூண்டப்படுகின்றனர். கடைசியில், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததைப் பயணி நினைவுகூர்கிறான். தப்பி வந்தவர்கள் பிறர் அவ்வழியில் இறங்காதபடி அங்கே ஒரு தூணை நட்டு எச்சரிக்கை எழுதிவிட்டுச் செல்கின்றனர்.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை எடுப்பது தமிழ்ச் சபைகளில் பரவலான பழக்கம். அட்டை வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கும். பூட்டில் போட்டுத் திருப்பிய பிறகே கதவு திறந்தது என்பதையும் கதை சொல்கிறது.

வெளியே தெரியும் நீதி

நீதியில் வளர்வதை உள்ளத்து உணர்ச்சியாக மட்டும் விவிலியம் கருதவில்லை. வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே இயேசு அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக அறிவித்தார் (லூக்கா 19). திருடியவன் திருட்டை விட்டால் மட்டும் போதாது. உழைத்து, இல்லாதவருக்குக் கொடுக்கவும் வேண்டும் என்பது எபேசியர் 4:28 தரும் கட்டளை. விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவிலில் ஒரு முதலாளி மனந்திரும்பினால், பிடித்துவைத்த கூலி தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேரவேண்டும். பூக்கடைக்காரர் மனந்திரும்பினால் தராசு நேராக நிற்கவேண்டும். ஆலயத்தில் கண்ணீர் விட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பி அதே தராசைப் பிடிப்பதை வளர்ச்சி என்று கொள்ள முடியாது.

தமிழ்த் திருச்சபை இவ்வகையில் சந்தித்த பெரும் சோதனை சாதி. 1833இல் ஆங்கிலிக்க ஆயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பக்தியும் புலமையும் மிக்கவர்களே அதை எதிர்த்தனர். தனிப்பட்ட ஒழுக்கத்தில் குறைகாண முடியாத ஒருவர், எல்லாரும் சேர்ந்து செய்யும் பாவத்தைப் பாவமாகவே காணாமல் இருக்கக்கூடும் என்பதற்கு இவ்வரலாறு சான்று. தனித்தனி இருக்கைகளும் தனிக் கல்லறைத் தோட்டங்களும் அதற்குப் பின்பும் பல ஊர்களில் நீடித்தன. இக்கேள்வி பழைய வரலாறாகிவிட்டது என்று இன்றும் சொல்வதற்கில்லை.

எழுப்புதலும் அன்றாடமும்

1860இல் நெல்லைச் சீமையில் ஓர் ஆன்மிக எழுப்புதல் உண்டாயிற்று. சங்கரன்கோவிலுக்கு வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியிலுள்ள கிறிஸ்டியான்பேட்டையில் ஊழியம் செய்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அதில் முன்னின்றவர். மக்கள் கூட்டங்களில் எழுந்து தம் பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டனர். இத்தகைய நாட்கள் பலரின் வாழ்வைத் திருப்பியிருக்கின்றன. ஆனால் எழுப்புதல் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. மற்ற நாட்களுக்குத் திருச்சபை வேறு வழக்கங்களை வைத்திருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் பொதுவான பாவ அறிக்கை இடம்பெறுகிறது. திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 11:28இன் கட்டளை. கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் பாவங்களை அறிக்கையிடுகின்றனர். நெல்லைக் கிறிஸ்தவ வீடுகளில் மாலையில் பாய் விரித்துக் குடும்ப ஜெபம் செய்வது பழைய வழக்கம். அப்போது பெற்றோர், பிள்ளைகள் என்று யாரும் ஒருவர்மேல் ஒருவர் மனத்தாங்கலோடு உட்கார்ந்திருக்க முடியாது. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்னும் மத்தேயு 5:23-24 வீட்டுக்குள் நிறைவேறியது இப்படித்தான். தொலைக்காட்சி வந்த பிறகு இவ்வழக்கம் தளர்ந்திருப்பது இழப்பே.

பாவமே செய்யாத நிலையை இவ்வுலகில் அடைய முடியுமா என்பதில் சபைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி, அன்பில் பூரணமாதல் இம்மையிலேயே கூடும் என்றார். லூத்தரன், சீர்திருத்த சபையார் அதை ஏற்பதில்லை. பனியனின் கதை இரண்டாம் தரப்பைச் சார்ந்தது. பயணி விண்ணக நகரத்துக்கு முன்னுள்ள ஆற்றில் இறங்கும்போதும் பழைய பாவங்களை நினைத்து அஞ்சி மூழ்கத் தொடங்குகிறான். தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக் கரை சேர்க்கிறான். அவர்களுக்குப் பின்னால் அறியாமை என்னும் பெயருடைய ஒருவன் வருகிறான். ஒடுக்கமான வாசல் வழியாக வராதவன். தன் நல்ல நடத்தையே போதும் என்றிருந்தவன். அவன் படகேறி வருத்தமின்றி ஆற்றைக் கடந்துவிடுகிறான். வாசலில் நின்றவர்கள் சுருளைக் கேட்கிறார்கள். அவன் மடியைத் துழாவிப் பார்க்கிறான், ஒன்றும் அகப்படவில்லை.