புற்றுக்காளான் பறிக்கப் போகும் முன்

ஜினகாஞ்சி மடம் இருக்கும் மேல்சித்தாமூரில் சமணக் குடும்பங்கள் காளானைத் தொடுவதில்லை; அவர்கள் நெறியில் அது விலக்கப்பட்ட உணவு. மற்றவர்களுக்கோ இடியோடு மழை கொட்டிய மறுநாள் ஏரிக்கரைப் புற்றுகள் மேல்தான் கண். அப்படிப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது

கரையான் புற்றுக்குள் பூஞ்சை வளர்த்து உண்கிறது. மழையில் மண் நனைந்ததும் அந்தப் பூஞ்சைதான் மேலே வந்து குடை விரிக்கிறது. அதனால் காம்பைக் கிள்ளாதீர்கள், சுற்றிலும் தோண்டுங்கள். புற்றுக்காளானின் காம்பு வேர்போல நீண்டு புற்றை நோக்கி இறங்கும். குடையின் நடுவில் பெரும்பாலும் ஒரு கூர்முனை இருக்கும். காம்படியில் முட்டை ஓடுபோல உறை தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா இனத்தின் அடையாளம் அது. விரியாத மொட்டையும் பறிக்க வேண்டாம், எது எதுவென்று அதில் தெரியாது.

புல்வெளியில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடையிடமும் எச்சரிக்கை தேவை. இளசாக இருக்கும்போது அடி மடிப்புகள் வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால் பச்சையாகும். தின்றவருக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. குடையைத் தாளில் கவிழ்த்து இரவு முழுக்க மூடி வைத்தால் வித்துத்தூள் படியும்: புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு, இதற்குப் பச்சை. எல்லா அடையாளமும் பொருந்தினாலும், பறித்துப் பழகிய பெரியவர் ஒருவர் பார்க்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

வெள்ளிக்காசு காப்பாற்றாது

வெள்ளி கறுக்கவில்லை, மஞ்சள் நிறம் மாறவில்லை, ஆடு மேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் சோதனையே அல்ல. அமானிட்டாவின் நஞ்சு கொதித்தாலும் அழியாது.

தாமதமாக வரும் வாந்தி

உடனே வரும் வாந்தியைவிட, தின்று 6 மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்திதான் எனக்குப் பெரிய பயம். மறுநாள் தெளிந்ததுபோல் இருக்கும், வீட்டாரும் நிம்மதியடைவார்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

காளான் ஆசைக்குப் பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் நம் வெயிலுக்கு ஏற்றது, கூரைக் கொட்டகையிலேயே வளரும்.

சந்தேகம் வந்தால்

கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மீந்த காளானைக் காகிதப் பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எப்போது தின்றார், எப்போது வாந்தி தொடங்கியது என்ற இரண்டு நேரங்களையும் சொல்லுங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட அனைவரும், நன்றாக இருப்பவர்கள் உட்பட, கூடவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.