வயது போன குதிரைக்குத் தவிடு போதுமா?

சீனன்குடாவில் 1980 முதல் இயங்கும் பிறிமா மாவாலையில் மாவோடு கூடவே கோதுமைத் தவிடும் ஏராளமாகக் கிடைக்கிறது. மாடு வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான தீவனம் அது. வீட்டில் ஒரு மிருகம் மெலிந்துபோனால் “தவிட்டைக் கரைச்சு வையுங்கோ” என்பதுதான் நம்மவர் சொல்லும் முதல் வைத்தியம். மாட்டுக்கு அது பொருந்தும். குதிரைக்கு, அதிலும் வயது போன குதிரைக்கு, தவிட்டையே நம்பியிருந்தால் எலும்பு கரையும்.

காரணம் எளிது. குதிரையின் உணவில் பொசுபரசைவிடக் கல்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். கோதுமைத் தவிட்டிலோ பொசுபரசு கல்சியத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அரிசித் தவிடும் இதே இனம்தான். குடலில் பொசுபரசு மிஞ்சினால் கல்சியம் உடலில் சேராது. இரத்தத்தில் கல்சியம் குறையக் கூடாது என்பதற்காக உடல் எலும்பிலிருந்து அதை உருவத் தொடங்குகிறது. எலும்பு கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து, கடைசியில் முகம் இரண்டு பக்கமும் வீங்கிப் பெருக்கும். ஐரோப்பாவில் மாவாலைக்காரர்களின் குதிரைகளில் இது அதிகம் காணப்பட்டதால் அவர்கள் பெயரிலேயே இந்த நோய் வழங்கிவந்தது.

முகம் வீங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். முதலில் தெரிவது இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று மாறிமாறி வரும் நொண்டலும் குறுகிப்போன நடையும்தான். “வயது போச்சு, அதுதான் நொண்டுது” என்று வீட்டார் விட்டுவிடுவது இங்கேதான். நேப்பியர் போன்ற வெப்பவலயப் புற்களில் உள்ள ஒட்சலேற்றும் கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நேப்பியரை வெட்டிப் போட்டு, அதன்மேல் தவிட்டையும் கரைத்து வைத்தால் கல்சியத்துக்கு இரண்டு பக்கமும் இழப்பு.

ஆனால் கிழக்குதிரை மெலிவது எதனால்? பெரும்பாலும் பல்லினால். குதிரையின் கடைவாய்ப் பல் நம்முடையதைப்போல் ஒருமுறை முளைத்து நின்றுவிடுவதில்லை. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருந்து, தேயத் தேய வருடத்துக்கு 2, 3 மில்லிமீற்றர் வெளியே வந்துகொண்டிருக்கும். இருபத்தைந்து, முப்பது வயதை நெருங்கும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை ஒடுக்கம். அதனால் மேற்பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் தேயாமல் கத்திபோல் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். நோவால் குதிரை மெல்லாது. மெல்லாவிட்டால் உமிழ்நீர் சுரக்காது, ஏனெனில் குதிரைக்கு மெல்லும்போது மட்டுமே அது ஊறும். வறண்ட தீனி தொண்டையில் அடைக்கும், குடலில் கட்டி வயிற்றுநோவாகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தீனித்தொட்டியின் அடியில் பாருங்கள்: பாதி மென்று துப்பிய புல், விரற்கடை அளவில் ஈரமான சக்கை உருண்டைகளாகக் கிடக்கும். லத்தியை உடைத்துப் பாருங்கள்: நன்றாக மென்ற குதிரையின் லத்தியில் நார் பொடியாக இருக்கும், பல் போன குதிரையின் லத்தியில் நீள நீளமாக நிற்கும். வயதையும் வாயே ஓரளவு சொல்லும். மேல்வரிசை முன்பற்களில் ஓரத்துப் பல்லின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளக்கோடு, ஏறத்தாழ பத்து வயதில் ஈறோரம் தோன்றி, பதினைந்தில் பாதி இறங்கி, இருபதில் பல் முழுவதும் ஓடும். பிறகு மேலிருந்து மறையும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது மிருக வைத்தியர் வாயைத் திறந்து, கூரான விளிம்பை அரத்தால் அராவிவிட வேண்டும். வயது போன குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. இதைச் செய்யாமல் தீனியை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

பல் உண்மையிலேயே தீர்ந்துபோன குதிரைக்கு நம் நாட்டிலேயே நல்ல உணவு இருக்கிறது: தேங்காய்ப் புண்ணாக்கு. அவுஸ்திரேலியாவில் குதிரைகளுக்கு இதை விரும்பிக் கொடுக்கிறார்கள். மாச்சத்துக் குறைவு, மிஞ்சிய எண்ணெயில் நல்ல சக்தி. தண்ணீரில் நன்றாக ஊறிக் கூழான பிறகே வைக்க வேண்டும், காய்ந்ததை வைத்தால் தொண்டை அடைக்கும். பூஞ்சணம் மணத்தால் எறிந்துவிடுங்கள், அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். புண்ணாக்கிலும் கல்சியம் குறைவுதான் என்பதால் தீவனச் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்க வேண்டும். அளவை வைத்தியர் சொல்லட்டும். பொடியாக நறுக்கி ஊறவைத்த புல்லும் கூடவே வேண்டும். ஒரே வேளையில் நிறைய வைக்காமல் நாலைந்து தரமாகப் பிரித்து வையுங்கள்.

இனி வெயில். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிழப் பெண்குதிரைகளையும் இளையவற்றையும் ஓடுபாதை இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது, கிழக்குதிரைகளின் உடல்வெப்பம் ஏறத்தாழ பாதி நேரத்திலேயே 40 பாகை செல்சியசைத் தொட்டது. திருகோணமலையில் கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இது எவ்வளவு பெரிய விசயம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலை இன்னும் கொடுமையாக்கும் ஒரு நோயும் உண்டு: பதினைந்து வயது தாண்டிய குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் கபச்சுரப்பியின் நடுப்பகுதி கட்டுப்பாடிழந்து பெருக்கிறது. மூளையிலிருந்து வரவேண்டிய டோபமைன் குறைவதே காரணம். உரோமம் உதிராமல் நீண்டு சுருளும், முதுகுத் தசை கரையும், குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமற்போகும். பேர்கோலைட் என்ற மாத்திரையால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம். மாத்திரை கைக்கு வரும்வரை உரோமத்தைக் கத்தரித்து நிழலில் கட்டுவது உரிமையாளர் இன்றே செய்யக்கூடியது.

இலங்கையில் குதிரைகள் சொற்பம். நுவரெலியாப் பந்தயத் திடலைச் சுற்றியுள்ளவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார். நெடுந்தீவின் மட்டக்குதிரைகளுக்கு அப்படி யாருமில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை அவை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அங்கே குதிரை வளர்த்தார், லாயத்தின் கற்தூண்கள் இன்னும் நிற்கின்றன. குறிகட்டுவானில் படகேறிப் போகும் சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். அவற்றின் வாயைத் திறந்து பார்க்க யாரும் இல்லை, காட்டுக்குதிரையைப் பிடித்து அராவுவது நடக்கிற காரியமுமில்லை. முருகைக்கல் தரையில் குறும்புல்லை மண்ணோடு கடித்துத் தின்னும் குதிரைக்குப் பல் விரைவில் தேயும். கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது குதிரைகள் செத்துக்கிடப்பது செய்தியாக வருகிறது. முதலில் விழுவது குட்டிகளும் கிழடுகளும்.

2015-இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே இப்போது வேண்டியது நல்ல தண்ணீர். மாடும் ஆடும் முட்டிமோதும் ஒரே கேணியை விட்டு, குதிரைகள் மேயும் வெளிகளில் தனித்தனித் தொட்டிகள் வைக்க வேண்டும். பலங்குறைந்த கிழக்குதிரை கூட்டத்தில் ஒதுக்கப்பட்டுக் கடைசியாகவே தண்ணீருக்கு வரும் என்பதால் ஒரு பெரிய தொட்டியைவிட தள்ளித்தள்ளி வைத்த பல சிறிய தொட்டிகள் மேல். சோளகம் தொடங்கித் தரை காயும் முன்பே அவை நிரம்பியிருக்க வேண்டும்.